மூன்று கேத்தல் வெந்நீர்

நான் ஓய்வு பெற்ற அன்று எங்கள் கராஜ் பையன்கள் எனக்கு ஒரு கேத்தலைப் பரிசாகக் கொடுத்தார்கள். பளபளவென்று புதுக் கேத்தல், கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். "நல்ல புள்ளைங்க. தேத்தண்ணிக்கு ஒதவும்னு பாத்து வாங்கியிருக்காங்க" என்று என் மனைவி அவர்களை மனதார வாழ்த்தினாள். பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவளுக்கு அப்போது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நானே சொல்ல வேண்டியிருந்தது: ஹட்டன் பக்கத்தில் மெக்கானிக் வேலை பார்த்தவர்களில், காய்ச்சல் கண்ட லொறிக்குக் கேத்தல் கேத்தலாக வெந்நீர் ஊற்றிய ஒரே ஆள் உன் புருஷன்தான்.

இப்போது அந்தக் கராஜுக்கு ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கிறது. வயரை லொறியில் செருகினால் எங்கே பிழை என்று பெட்டியே எழுத்தில் காட்டிவிடுகிறது. "அண்ணே, இது இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படிண்ணே பிழை கண்டுபிடிச்சீங்க?" என்று பையன்கள் கேட்டார்கள். கண்டுபிடித்தோம் என்று யார் சொன்னது? லொறியின் பிழையைக் காட்டும் பெட்டி வந்துவிட்டது. மெக்கானிக்கின் பிழையைக் காட்டும் பெட்டி இன்னும் வரவில்லை. வருவதற்குள் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொழில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடிந்ததும் ஹட்டன் கராஜில் சேர்ந்தேன். முதலில் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினேன். பிறகு கழற்ற விட்டார்கள். திரும்பப் பூட்ட விடுவதற்கு வெகுகாலம் பிடித்தது, காரணம் நான்தான். சுற்றியுள்ள ஏழெட்டுத் தோட்டங்களின் லொறிகளும் டிராக்டர்களும் எங்கள் பொறுப்பில் இருந்தன. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு புதுச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. இருந்ததை வைத்து ஓட்டினோம்.

எங்கள் குளிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதில்தான் என் அறிவு முழுவதும் இருந்தது. நுவரெலியாப் பக்கம் தை மாசக் காலையில் இஞ்சின் எண்ணெய் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடக்கும். டீசல் லொறி முனகும், கிளம்பாது. அதற்கு ஒரே மருந்து சூடு. இஞ்சினிலும் பம்பிலும் வெந்நீர் ஊற்றுவோம். அதற்கும் மசியாவிட்டால் எண்ணெய்த் துணியைப் பந்தம் கட்டி, காற்று இழுக்கும் வாயில் காட்டுவோம். ஒருமுறை ஒரு பெரிய துரையின் ஜீப் யாருக்கும் மசியாமல் நின்றபோது, நான் ஒரு கேத்தல் வெந்நீர் ஊற்றினேன், இருமிக்கொண்டு எழுந்துவிட்டது. துரை என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு என்னைப் பல வருடம் கெடுத்தது. கிளம்பாத வண்டி எதுவானாலும் அதற்குக் குளிர்தான் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில், வட்டகொடைக்குக் கீழே இருந்த ஒரு தோட்டத்திலிருந்து முறைப்பாடு வந்தது. லொறி ஸ்டேஷனில் போய் நின்றால் திரும்பக் கிளம்புவதில்லையாம்.

அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலை பள்ளத்தில். வட்டகொடை ரயில் ஸ்டேஷன் மேட்டில். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லொறி மூச்சிரைக்க ஏறி வரும். பெட்டிகளை இறக்கிவிட்டு, வந்திருக்கும் உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும். இறங்கியதும் அதே லொறிதான் மலை மலையாகப் போய் அந்தி நேரத்துக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவர வேண்டும். லொறி பிந்தினால் சாக்கில் அடைபட்ட கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர், தோட்டத்தை நடத்தும் துரையிடம் போவார், துரை டிரைவரைக் கூப்பிடுவார்.

டிரைவர் செபஸ்தியான், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய அப்பா அந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் செபஸ்தியான். சட்டையை அவருடைய மனைவி கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பார். லொறிக்கு அடியில் படுக்க நேர்ந்தால் சட்டையைக் கழற்றி மடித்து சீட்டில் வைத்துவிட்டுத்தான் படுப்பார்.

நான் முதல்நாள் தோட்டத்தில் வைத்து லொறியைப் பார்த்தேன். காலையில் சாவியைத் திருப்பியதும், இஞ்சினைச் சுற்றிவிடும் செல்ப் மோட்டார் சுற்றி, கிளம்பியது. "என்னண்ணே, நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"இங்க நல்லாத்தான் இருக்கும் தம்பி. ஸ்டேசன்ல வந்து பாருங்க. மாமியார் வீட்டுக்குப் போன மாதிரி உக்காந்துக்கும்."

போய்ப் பார்த்தேன். உட்கார்ந்துகொண்டது. பெட்டி இறக்கி, உரம் ஏற்றி, சாவியைத் திருப்பினால் செல்ப் நன்றாகவே சுற்றுகிறது. இஞ்சின் மட்டும் எழவில்லை. வட்டகொடையில் அன்று நல்ல குளிர்காற்று. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஸ்டேஷனுக்கு எதிரில் பாக்கியம் அக்காவின் தேத்தண்ணிக் கடை. ஓடிப்போய் ஒரு கேத்தல் வெந்நீர் வாங்கி வந்து ஊற்றினேன். கிளம்பவில்லை. இரண்டாவது கேத்தல் கொதிக்கும்வரை காத்திருந்து ஊற்றினேன். கிளம்பவில்லை. மூன்றாவதற்குப் போனபோது பாக்கியம் அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார்:

"என்னங்க தம்பி, லொறிக்குப் பேறுகாலமா? பொம்பளப் புள்ளையா, ஆம்பளப் புள்ளையா?"

மூன்றாவது கேத்தலுக்கு லொறி கிளம்பியது. நான் கடையைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினேன்.

யாருக்கும் தோன்றாத, எனக்கும் தோன்றாத ஒரு விஷயம்: ஒவ்வொரு கேத்தலும் கொதிப்பதற்கு எடுத்த நேரத்தில் அந்த இஞ்சின் வெறுமனே நின்று ஆறியது. ஆறிய பிறகு கிளம்பியது. பெயரைத் தட்டிக்கொண்டது கேத்தல்.

அன்றைக்கே தோட்டத்து ஒபிசில் துரை முன்னால் நின்றேன். செபஸ்தியானும் பக்கத்தில் நின்றார். "லொறியில பிழை இல்லைங்க ஐயா. குளிரு. மூணு கேத்தல் வெந்நி ஊத்துனா கிளம்பிரும்" என்றேன். துரை செபஸ்தியானைப் பார்த்தார்.

"நீ எத்தன கேத்தல் ஊத்துற?"

"நான் ஊத்துறதே இல்லைங்க. சும்மா நிப்பேன். செத்த நேரத்துல அதுவா கிளம்பும்."

"சும்மா நிக்கிறதுக்கா ஒனக்கு லொறி குடுத்திருக்கு?"

செபஸ்தியான் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அவர் சொன்ன பதிலில்தான் முழு விடையும் இருந்தது. கையில் கேத்தல் வைத்திருந்தவனுக்கு அது கேட்கவில்லை.

அதன்பிறகு வாரக்கணக்கில் வெந்நீர்தான். செபஸ்தியான் மூன்று கேத்தல் ஊற்றினார், நாலு ஊற்றினார். சூடு மேல் சூடு ஊற்றியதில் லொறி முன்பைவிட நேரம் பிடித்தது. கொழுந்து சிவந்தது. டீமேக்கர் கத்தினார். செபஸ்தியான் ஸ்டேஷனில் யாருடனோ கடதாசிச் சீட்டு விளையாடுகிறார் என்று ஒரு கதை கிளம்பியது. கிளப்பியவன் நான் இல்லை, ஆனால் அதற்கு விறகு வைத்தவன் நான். கடைசியில் துரை சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு நாள் பிந்தினால் சாவியைக் கொடுத்துவிட்டு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு வரிசையில் நின்று கவ்வாத்துக் கத்தியை எடுக்க வேண்டும். சனிக்கிழமைப் பயணத்துக்கு என்னைக் கூடப் போகச் சொன்னார். செபஸ்தியான் ஒழுங்காக வெந்நீர் ஊற்றுகிறாரா என்று பார்க்க.

அந்தச் சனிக்கிழமை பாக்கியம் அக்கா தன் சொந்த ஊர்த் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போய்விட்டார். கடை பூட்டிக் கிடந்தது. உரம் ஏற்றியாயிற்று, லொறி கிளம்பவில்லை, வெந்நீர் இல்லை. நான் ஸ்டேஷன் குவாட்டர்ஸ் கதவைத் தட்டினேன். யாரும் இல்லை. "செத்த பொறுங்கண்ணே, சுள்ளி பொறுக்கி நானே அடுப்பு மூட்டுறேன்" என்றேன்.

செபஸ்தியான் லொறியிலிருந்து இறங்கினார். பாதையோரத்தில் பீலித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, மலையிலிருந்து வரும் பனிக்கட்டி மாதிரித் தண்ணீர். லொறி வாளியை எடுத்து நிறையப் பிடித்தார்.

"தம்பி, எனக்குக் காக்கிச் சட்ட போச்சு. திங்கக்கெழம பெரட்டுல எம்பேரக் கூப்புடப் போறாங்க. ஒங்களுக்கு இன்னும் வெந்நிதான் வேணுமா?"

நான் திறந்திருந்த பொனட்டுக்கு முன்னால் நின்று, "குளிருதானேண்ணே..." என்று தொடங்கினேன். வாளி வந்தது. நேராக என் முகத்துக்கு.

நான் வீரன் இல்லை. குனிந்துவிட்டேன். தண்ணீர் முழுவதும் என் தலைக்கு மேலாகப் போய் இஞ்சினின் பக்கவாட்டில், டீசல் பம்பின் மேல் விழுந்து ஆவி பறந்தது. அவருடைய முகத்தைப் பார்க்காமலிருக்க ஏதாவது ஒரு வேலை தேவைப்பட்டது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

முதல் சுற்றிலேயே கிளம்பியது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கொழுந்து பச்சையாகவே தொழிற்சாலைக்குள் போனது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெக்கானிக் கூடப் போன அன்னைக்கு மட்டும் லொறி நேரத்துக்கு வருது. அப்ப யார் மேல பிழை? செபஸ்தியான், திங்கள் பெரட்டுக்கு வா."

குளிர் என்று சொன்ன லொறி பச்சைத் தண்ணீரில் ஏன் கிளம்பியது என்று எனக்கே தெரியாது. செபஸ்தியான் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ரயிலேறி ஹட்டன் போய், எங்கள் தலைமை மெக்கானிக் சோமபால பாஸின் வீட்டுக்குப் போனேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த வண்டியையும் பின்னாலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார். நாங்களெல்லாம் பொனட்டைத் திறக்க ஓடும்போது அவர் இரண்டு கையையும் முதுகில் கட்டிக்கொண்டு புகைக்குழாயண்டை போய் நிற்பார். வெற்றிலை மென்று முடியும்வரை சாவி, ஸ்பானர் எதையும் தொட மாட்டார். ஒரு நாளைக்கு ஒரு சாமானைத்தான் மாற்றுவார், இரண்டாவதை மாற்றச் சொன்னால், "அப்ப எது சரியாக்கிச்சுன்னு நீ என்கிட்ட சொல்லுவியா?" என்று கேட்பார். கோபம் வந்தால் குரல் தாழும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"பொகை வந்திச்சா?"

"பொனட்டுல இருந்து நல்லா வந்திச்சு பாஸ்."

"அது நீ ஊத்தின வெந்நி ஆவி, மோடயா. பின்னால, கொழாயில?"

மோடயா என்றால் மடையன். பின்னால் நான் போகவே இல்லை.

"தோட்டத்துல சூடா இருக்கிற நேரம் அந்த ஆள் எப்படி ஸ்டார்ட் பண்றான்?"

அதையும் நான் கேட்கவில்லை. கேட்கவும் தோன்றாது. மலைநாட்டில் லொறி ஓட்டுகிற எவனும் வண்டியை இறக்கத்தில் மூக்கைக் கீழே வைத்துத்தான் நிறுத்துவான். சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்தால் உருளும், கியரில் விட்டால் எழுந்துவிடும். செல்ப் மோட்டாரைத் தொடுவது காலையில் ஒருமுறைதான். அந்தப் பக்கத்தில் சமதரை என்று இருந்தது ரயில் ஸ்டேஷன் மட்டும். அதனால்தான் சூடான லொறி ஸ்டேஷனில் மட்டும் காலை வாரியது.

"பச்சத் தண்ணி பட்டதும் கிளம்பிருச்சு பாஸ்" என்றேன். எப்படிப் பட்டது என்பதைச் சொல்லவில்லை.

அவருடைய குரல் தாழ்ந்தது. "ஒரு வாளியா? சூட்டுல இருக்கிற பம்புக்கா? உள்ளுக்க இருக்கிற தண்டு இறுகிப் பிடிச்சிருந்தா, பம்ப ஒடச்சுத்தான் எடுக்கணும். தெரியுமா?" அப்புறம் எழுந்து சட்டையை மாட்டினார். "நாளைக்குப் போவம்."

திங்கட்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரட்டு நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் வரிசையாக நின்றார்கள். செபஸ்தியான் அதில் கடைசி ஆள். காக்கிச் சட்டை இல்லை. இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, கையில் அப்பா காலத்துக் கவ்வாத்துக் கத்தி. எங்களைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் துரையிடம் போனேன். "ஐயா, நான் சொன்னது பிழைங்க. குளிரு இல்ல."

"அப்ப என்ன?"

"அது இன்னும் எனக்குத் தெரியாதுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாஸ் முன்னால் வந்து, ஒரே ஒரு பயணம், துரையும் கூட வர வேண்டும், ஓட்டுவது செபஸ்தியானாகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்டார். துரை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறினார்.

ஸ்டேஷனில் பெட்டி இறக்கி, உரம் ஏற்றினார்கள். பாஸ் முதுகில் கை கட்டியபடி லொறிக்குப் பின்னால் போனார். ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் புகைக்குழாய் வாயில் பிடித்தார். "அடி" என்றார். செபஸ்தியான் செல்ப் அடித்தார். சுற்றியது, சுற்றியது, கிளம்பவில்லை. பாஸ் துணியை மோந்து பார்த்து துரையிடம் நீட்டினார். ஈரமில்லை, டீசல் வாசமில்லை. "பொகையே இல்ல. டீசல் எரியாதது இல்ல பிழை, துரை. டீசல் உள்ளுக்க போகவே இல்ல."

அடுத்து இஞ்சினுக்குப் போகும் டீசல் குழாய் ஒன்றின் நட்டைத் தளர்த்தினார். மறுபடி அடிக்கச் சொன்னார். பீச்சியடிக்க வேண்டிய இடத்தில் மூக்கு ஒழுகுகிற மாதிரிச் சொட்டியது. துரை குனிந்து பார்த்தார்.

பாஸ் சுற்றிப் பார்த்துவிட்டு, "படங்கைக் கழட்டுங்க" என்றார் செபஸ்தியானிடம்.

அவர் இடுப்புச் சாக்கை அவிழ்த்துக் கொடுத்தார். பாஸ் அதைப் பீலித் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, பம்பைச் சுற்றிக் குழந்தைக்குத் துணி சுற்றுவது போலச் சுற்றினார். கொஞ்சம் பொறுத்து எடுத்து, மறுபடி நனைத்துச் சுற்றினார். பாக்கியம் அக்கா கடை வாசலில் வந்து நின்றார். "தம்பி, இன்னைக்கு வெந்நி வேணாமா? ரெடியா இருக்கு" என்று கத்தினார். நான் கேட்காதது போல் நின்றேன்.

ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கழிந்தது. வேறு எதையும் தொடவில்லை, எதையும் மாற்றவில்லை. "அடி."

தளர்த்திய நட்டிலிருந்து டீசல் பீச்சி துரையின் வெள்ளைக் காலுறையில் பட்டது. பாஸ் நட்டை இறுக்கினார். "அடி." கறுப்பாக ஒரு புகை கக்கிவிட்டு லொறி கிளம்பியது.

பம்புக்குள் சுற்றும் தண்டு தேய்ந்திருந்தது. டீசல் ஆறியிருக்கும்போது கெட்டியாக இருந்து அந்த இடைவெளியை ஒருமாதிரி அடைத்துக்கொள்ளும். சூடானதும் இளகி அந்த வழியாகவே நழுவிவிடும். செல்ப் சுற்றுகிற வேகத்துக்கு அழுத்தம் ஏறாது. இறக்கத்தில் உருட்டினால் வேகம் கூட, கிளம்பிவிடும். அவ்வளவுதான் நோய். நான் அதற்கு வெந்நீர் ஊற்றி மேலும் இளக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்த ஆள் பொய் சொல்லல, துரை" என்றார் பாஸ்.

துரை கால்சட்டைப் பையில் வைத்திருந்த லொறியின் மறுசாவியையும் எடுத்துச் செபஸ்தியானிடம் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "போய்ச் சட்டையப் போட்டுட்டு வா" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "பச்சத் தண்ணியில ஆற வச்சுப் பாக்கணும்னு மொதல்ல யாருக்குத் தோணுச்சு? கெட்டிக்கார வேலை" என்றார்.

முதுகில் தட்டப்போகிற கை எனக்குத் தெரிந்துவிடும். "நாந்தாங்க ஐயா. ஒரு சோதனையா செஞ்சு பாத்தேன்" என்றேன். லொறிக்குள்ளிருந்து செபஸ்தியான் இருமினார். துரை என் முதுகில் தட்டினார்.

பம்பைக் கழற்றிக் கொழும்பில் ஒரு பம்ப் ரூமுக்கு அனுப்பினோம். அது வந்து பூட்டிய பிறகு ஸ்டேஷனுக்கு முதல் பயணம் நானும் போனேன். உரம் ஏற்றியதும், கொதிக்கிற இஞ்சினோடு செபஸ்தியான் சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றில் கிளம்பியது. கஞ்சி போட்ட சட்டை மடிப்புக் குலையாமல் இருந்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று நான் ஜன்னலண்டையே நின்றேன்.

"பரவாயில்லையாண்ணே?" என்று நானே கேட்டேன். "ஒரு வழியா கண்டுபிடிச்சுட்டோம் பாத்தீங்களா?"

அவர் கியரைப் போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்த லொறிக்கு நீங்க செஞ்ச ஒரே நல்ல வேல, அன்னைக்குக் குனிஞ்சது ஒண்ணுதான்."